தான்சானியக் கிராமங்களுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் வரைவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தான்சானியாவின் வடக்கே, விக்டோரியா ஏரிக்கும் செரெங்கெட்டிப் புல்வெளிக்கும் இடையில் மாரா என்னும் மாகாணம் இருக்கிறது. சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்பும், பள்ளி விடுமுறை மாதமான டிசம்பரில் அங்குள்ள சில ஊர்களில் மறைவாக நடந்துவருகிறது. அதிலிருந்து தப்பிவரும் சிறுமிகளுக்கு அடைக்கலம் தருவதற்காக ரோபி சம்வெல்லி என்னும் பெண்மணி ஓர் அமைப்பை நடத்திவருகிறார். சிறுமி ஒருத்தி ஆபத்தில் இருக்கிறாள் என்று தகவல் வரும்போது பெரும்பாலும் ஒரு குடியிருப்பின் பெயர் மட்டுமே தெரியவரும். அந்தக் குடியிருப்பு எங்கே இருக்கிறது, எந்த மண்சாலை அங்கே போகிறது என்பதைக் காட்டும் வரைபடம் பல ஆண்டுகளாக யாரிடமும் இருக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 2015இல் தொடங்கப்பட்டதுதான் கிரவுட் டு மேப் தான்சானியா என்னும் தன்னார்வப் பணி. உலகின் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் சாலைகளையும் வரைகிறார்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் கைபேசியுடன் நடந்துசென்று பெயர்களைச் சேர்க்கிறார்கள். இப்படி உருவான வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாத இடத்திலும் வழி பார்த்துக் காவலர்களும் களப்பணியாளர்களும் ஊர்களைச் சென்றடைகிறார்கள். அதே வரைபடம் தடுப்பூசிப் பணிக்கும், கிணறு எங்கே தோண்டலாம் என்று திட்டமிடுவதற்கும், பள்ளியிலிருந்து எந்தக் குடியிருப்பு மிகத் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடுவதற்கும் பயன்படுகிறது.

இந்த முறை மாராவில் பிறந்ததன்று. 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது, எவரும் சேர்ந்து வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தின் தன்னார்வலர்கள் செய்த வேலையிலிருந்து ஹாட் எனப்படும் மனிதநேய வரைபடக் குழு உருவானது. 2014இல் கினியில் எபோலா பரவியபோது கெக்கெடு நகரத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் தொலைவிலிருந்தே வரைந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹாட் குழுவும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்னும் கூட்டுப் பணியைத் தொடங்கின. நீங்கள் சேரப்போவது இந்தப் பெரிய குடும்பத்தில்தான்.

தொடங்கும் முன் தேவையானவை

மடிக்கணினி, சுமாரான இணைய இணைப்பு, ஒரு மணி நேரம், ஒரு மவுஸ். மவுஸை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், மடிக்கணினியின் தொடுதளத்தை வைத்து நூறு வீடுகளை வரைந்தவர் மறுவாரம் திரும்பி வருவதில்லை. மணிக்கட்டு வலி அவரை வரவிடாது. கைபேசி மட்டுமே இருப்பவர்கள் மேப்ஸ்வைப் என்னும் செயலியில் தொடங்கலாம். அதில் வரைய வேண்டியதில்லை. காட்டப்படும் படத்துண்டில் கட்டடம் இருக்கிறதா, இல்லையா என்று தொட்டுச் சொன்னால் போதும். அப்படி வடிகட்டிய பிறகு, ஆளே இல்லாத காட்டில் தேடி அலையும் வேலை வரைபவர்களுக்கு மிச்சமாகிறது.

அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பயனர் பெயர் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துடனும் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும் என்பதால், கைபேசி எண்ணையோ பிறந்த ஆண்டையோ அதில் சேர்க்க வேண்டாம். கணக்குத் தொடங்கியதும் ஐடி எடிட்டர் என்னும் வரையும் கருவிக்குள்ளேயே இருக்கும் பயிற்சியை ஒருமுறை முழுவதும் செய்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் பயிற்சியைத் தாவிச் சென்றவர்களின் வேலையைத்தான் பிறகு மற்றவர்கள் மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்திலேயே ஒரு விதியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸிலோ வேறு எந்த நிறுவனத்தின் வரைபடத்திலோ பார்த்து ஒரு பெயரையோ சாலையையோ இங்கே எடுத்து எழுதக் கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திறந்த உரிமத்தின்கீழ் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் தரவுத்தளம் என்பதால், பிறருடைய பதிப்புரிமை உள்ள மூலத்திலிருந்து அனுமதியின்றி எடுத்தது எதுவும் அதில் கலக்கக் கூடாது. வரைவதற்கு அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படங்கள், உதாரணமாகப் பிங், எஸ்ரி போன்றவை, எடிட்டருக்குள்ளேயே தரப்பட்டிருக்கின்றன. அவற்றை விட்டு வெளியே போக வேண்டிய தேவை வராது.

எந்தப் பணியைத் தேர்ந்தெடுப்பது

ஹாட் குழுவின் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கைக் கொண்டே உள்ளே நுழையலாம். பல நாடுகளின் பணித்திட்டங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ‘எளிது’ என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் வடிகட்டிக்கொண்டு, கட்டடங்களை மட்டும் வரையக் கேட்கும் ஒரு திட்டத்தைத் தேடுங்கள். சாலையும் ஆறும் நில எல்லையும் சேர்த்துக் கேட்கும் திட்டங்களுக்கு இரண்டு மாதம் கழித்துப் போகலாம்.

திட்டக் குறிப்பை முழுவதும் படியுங்கள். இந்த வரைபடத்தைக் கேட்டது யார், எதற்காக, களத்தில் எந்த அமைப்பு இதை எடுத்துப் பயன்படுத்தப்போகிறது என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். விடை இல்லாத திட்டங்களை நான் தொடுவதில்லை; யாரும் எடுத்துப் பார்க்காத வரைபடத்துக்கு உழைப்பதைவிட, ஒரு மாவட்டத்துச் சுகாதாரப் பணியாளர்கள் காத்திருக்கும் ஒன்றுக்கு உழைப்பது மேல். இன்னொன்று, வாரம் ஒரு நாடாகத் தாவிக்கொண்டிருக்காமல் ஒரே மாவட்டத்தில் சில வாரங்கள் தங்குங்கள். அந்த மண்ணின் நிறமும், வேலி போடும் விதமும், வீட்டுக்கூரையின் அமைப்பும் கண்ணுக்குப் பழகிய பிறகுதான் வேகமும் சரியான பார்வையும் சேர்ந்து வரும்.

ஒரு கட்டத்தை எடுத்து வரைதல்

திட்டப் பகுதி சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் அது உங்கள் பெயரில் பூட்டப்படும். இரண்டு பேர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் வரைந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டு மணி நேரத்தில் பூட்டுத் தானாகத் திறந்துகொள்ளும். அதற்குள் முடிக்க முடியாவிட்டால் பதற்றம் வேண்டாம். அதுவரை சேமித்தது எங்கும் போகாது.

வரைவதற்கு முன், ஒரு தேநீர் நேரம் அந்தக் கட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். முடிந்தால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கிராமத்தின் செயற்கைக்கோள் படத்தையும் திறந்து பாருங்கள். வைக்கோற்போர் மேலிருந்து எப்படித் தெரிகிறது, வேப்பமரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மாட்டுத் தொழுவமும் வீடும் எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தெரிந்த ஊரில் பழகிக்கொண்டால் தெரியாத ஊரில் கண் ஏமாறுவது குறையும். முதன்முதலில் நான் வரைந்த கட்டத்தில் வட்டமாகத் தெரிந்த எல்லாவற்றையும் குடிசை என்று குறித்திருந்தேன். சரிபார்த்தவர் கட்டத்தைத் திருப்பி அனுப்பி, அவற்றில் பாதி புதர்கள், சில தானியக் குதிர்கள் என்று பொறுமையாக எழுதியிருந்தார். குடிசைக்கு நிழல் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக விழும், கூரை உச்சி ஒரு புள்ளியாகத் தெரியும், வாசலுக்கு முன்னே நடந்து நடந்து தேய்ந்த மண் வெளிறியிருக்கும், புதருக்கு இவை எதுவும் இல்லை என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

ஐடி எடிட்டரில் விசைப்பலகையின் எண் மூன்றை அழுத்தினால் பரப்பு வரையும் கருவி வரும். தகரக் கூரை வீட்டின் நான்கு மூலைகளையும் சொடுக்கி முடித்து, ‘கட்டடம்’ என்ற வகையைக் கொடுத்து, ‘கியூ’ விசையைத் தட்டினால் மூலைகள் செங்கோணமாக நேராகும். வட்டக் குடிசைக்கு ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் வைத்து ‘ஓ’ விசையைத் தட்டினால் வட்டமாகும். வீடா, கடையா, தேவாலயமா என்று ஊகிக்க வேண்டாம். ‘கட்டடம்’ என்பது போதும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கூரை ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும் என்பதால், கூரையின் அளவுக்கு வரைந்த உருவத்தைச் சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு நகர்த்தி வையுங்கள். நெருக்கமாக இருக்கும் இரண்டு வீடுகளை ஒன்றாக இழுத்துவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கொசுவலையோ மருந்துத் தெளிப்போ எத்தனை வீட்டுக்கு வேண்டும் என்று கணக்கிடுபவருக்கு அந்த ஒரு வீடு குறைந்துபோகும்.

ஏற்கெனவே வேறொருவர் வரைந்தது உங்கள் படத்தோடு பொருந்தாமல் சற்றுத் தள்ளி இருந்தால் அதை இழுத்து நகர்த்திவிடாதீர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் படங்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் விலகியிருப்பது வழக்கம். திட்டக் குறிப்பு எந்தப் படத்தை வைக்கச் சொல்கிறதோ அதையே வைத்து, பின்புலப் படத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். வரைபடத்தில் இருக்கும் ஒரு வீடு உங்கள் படத்தில் இல்லை என்பதற்காக அதை அழிக்கவும் வேண்டாம். உங்கள் படம் பழையதாக இருக்கலாம். அந்த வீட்டைக் குறித்தவர் அதன் வாசலில் நின்று குறித்திருக்கலாம்.

சாலைகள்: தனியாகச் சொல்ல வேண்டியவை

கட்டடத்தில் கை பழகியவர்கள் சாலைக்குப் போகும்போது இடறுவது வகைப்பாட்டில்தான். தார் போட்டிருக்கிறதா, அகலம் எவ்வளவு என்று பார்த்து வகை கொடுப்பது தவறு. கிராமப்புற ஆப்பிரிக்காவில் இரண்டு மாவட்டத் தலைநகரங்களை இணைக்கும் முக்கியச் சாலைகூடச் செம்மண்ணாக இருக்கும். சாலை எதை எதனோடு இணைக்கிறது என்பதே கேள்வி. ஒரு கிராமத்தை இன்னொரு கிராமத்தோடு இணைப்பது ‘அன்கிளாசிஃபைடு’. ஊருக்குள் வீடுகளுக்கு இடையே ஓடுவது ‘ரெசிடென்ஷியல்’. வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டித்தடம் ‘டிராக்’. கால்நடையாக மட்டுமே போகக்கூடியது ‘பாத்’. ‘அன்கிளாசிஃபைடு’ என்ற சொல்லைப் பார்த்து, வகை தெரியாத சாலை என்று பொருள்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பவர்கள் உண்டு. அப்படிப் பொருளில்லை. பிரிட்டனில் பிறந்த வரைபடம் என்பதால் அந்நாட்டுச் சாலைத் துறையின் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் அவை ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். திரையில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தாலும் புள்ளி இணையாவிட்டால், வழிகாட்டும் செயலி அங்கே சாலை முடிந்துவிட்டதாக எண்ணி வண்டியை வேறு பக்கம் சுற்ற வைக்கும். போடாபோடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் கருவுற்ற பெண் ஒருத்தியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகிறவருக்கு அந்த ஒரு புள்ளி பல கிலோமீட்டர் ஆகிவிடும். சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பாலம் என்று குறியுங்கள். கோடையில் இறங்கிக் கடக்கும் தாழ்வான இடங்கள் பல உண்டு. மழைக்காலத்தில் அவற்றில் போக முடியாது என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். ஆறுகளையும் ஓடைகளையும் நீரோட்டத்தின் திசையிலேயே வரைய வேண்டும்.

சேமிப்பதும் திரும்பி வருவதும்

இருபது, முப்பது கட்டடங்களுக்கு ஒருமுறை சேமியுங்கள். மாற்றக் குறிப்பில் திட்டத்தின் குறியீடு தானாக நிரம்பியிருக்கும்; அதை அழிக்காமல், என்ன வரைந்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முடித்ததும் டாஸ்கிங் மேனேஜருக்குத் திரும்பினால், கட்டம் முழுவதும் வரையப்பட்டதா என்று கேட்கும். மூலையில் ஐந்து வீடு மிச்சம் என்றாலும் ‘இல்லை’ என்றே சொல்லுங்கள். மேகம் மறைத்திருந்தால் படம் சரியில்லை என்று குறிக்கத் தனி இடம் இருக்கிறது. அரைகுறையாக விட்டு ‘ஆம்’ என்று சொல்லப்பட்ட கட்டம்தான் மோசமானது. வேலை முடிந்ததாக நினைத்து அடுத்த ஆள் அங்கே வரமாட்டார்.

பிறகு அனுபவம் உள்ள ஒருவர் உங்கள் கட்டத்தைச் சரிபார்ப்பார். திருத்தம் கேட்டுக் குறிப்பு வந்தால் நன்றி சொல்லி, அதே கட்டத்தைத் திறந்து திருத்திவிட்டு, புதிய கட்டத்துக்குப் போகுமுன் பழைய இரண்டு கட்டங்களிலும் அதே தவறு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கைப் போட்டியில் சிக்கிக்கொள்ள வேண்டாம். ஒரே மாலையில் ஆயிரம் கட்டடம் வரைந்ததாகப் பெருமைப்படும் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன்; அவற்றைச் சரிபார்க்க உட்கார்ந்தவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைப்பது யார் வேலை

தொலைவிலிருந்து வரையும் நமக்குப் பெயர் தெரியாது. தெரிந்ததுபோல் நடந்துகொள்ளவும் கூடாது. இது வழிகாட்டியின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட முக்கியம். கிராமத்துக்குக் கிஜிஜி என்றும் அதற்குள் இருக்கும் சிறு குடியிருப்புக்குக் கித்தோங்கோஜி என்றும் சுவாஹிலியில் பெயர். நிர்வாகப் பட்டியலில் உள்ள பெயர் ஒன்றாகவும் மக்கள் வாயில் வழங்கும் பெயர் வேறாகவும் இருப்பது அங்கும் உண்டு. மாராவில் குரியா போன்ற மொழிகள் வீட்டுப் பேச்சாகவும் சுவாஹிலி பொதுமொழியாகவும் இருப்பதால் எழுத்துக்கூட்டலும் மாறும். இவற்றைத் தீர்க்கும் உரிமை ஊர்க்காரர்களுடையது.

அவர்கள் ஆர்கானிக் மேப்ஸ், ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போன்ற செயலிகளில் நேரடியாகவும், ஓடிகே, கோபோ போன்ற படிவச் செயலிகளில் விவரமாகவும் தகவல் சேர்க்கிறார்கள். இணையம் இல்லாத ஊரில் நிரப்பிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்ப முடியும் என்பதே இவற்றின் வசதி. அவர்களுக்கு உதவ நினைத்தால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு: வந்த படிவங்களில் ஒரே கிணறு இருமுறை பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது, இருப்பிடப் புள்ளி ஏரிக்குள் விழுந்திருந்தால் கேட்டுத் திருத்துவது, அச்சிடத்தக்க சுவர் வரைபடம் தயாரித்துக் கொடுப்பது. படிவங்களைப் புரிந்துகொள்ளச் சில சொற்கள் தெரிந்தால் போதும். ஷூலே என்றால் பள்ளி, ஸஹனாத்தி என்றால் சிறு மருந்தகம், கிசிமா என்றால் கிணறு, சோகோ என்றால் சந்தை, ம்டோ என்றால் ஆறு.

அங்குள்ளவர்களோடு பேசும்போது

தான்சானியா நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இந்தியாவில் பகல் பன்னிரண்டரை என்றால் அங்கே காலை பத்து. இதைவிடக் குழப்பம் தருவது சுவாஹிலி நேரக் கணக்கு. அங்கே பகல் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள்; ‘சா தாத்து’ என்றால் மூன்றாம் மணி, அதாவது காலை ஒன்பது. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும். நமக்கு முதல் கூட்டம் தவறிப்போன பிறகுதான் விளங்குகிறது. எனவே நேரம் குறிக்கும்போது கடிகாரத்தின் இருபத்துநான்கு மணி முறையில் எழுதி, எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பேச்சை நேராக வேலையில் தொடங்குவது அங்கே மரியாதையாகாது. முதலில் ‘ஹபாரி’ என்று நலம் கேட்க வேண்டும். வயதில் மூத்தவருக்கு ‘ஷிகமோ’ என்று சொல்ல, அவர் ‘மராஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். இந்த ஒரு சொல்லுக்கு உரையாடலின் இறுக்கத்தையே தளர்த்தும் வலிமை உண்டு. காணொலி அழைப்பு அவர்களின் டேட்டாவைத் தின்றுவிடும் என்பதால், குறுஞ்செய்தியும் சிறிய குரல்பதிவும் போதும் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பதில் இரண்டு நாள் வராவிட்டால் மின்சாரமோ நெட்வொர்க்கோ இல்லாமல் இருக்கலாம். நினைவூட்டல்களை அடுக்க வேண்டாம். பணமோ கைபேசியோ வாங்கித் தருவதாகத் தனிப்பட்ட முறையில் வாக்குக் கொடுக்கவே கூடாது. அப்படி உதவ நினைத்தால், பணியை நடத்தும் அமைப்பின் வழியாகவே செய்யுங்கள்.

குறிக்கக் கூடாதவை

திறந்த வரைபடத்தை நல்லவர் மட்டும் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் யார் வசிக்கிறார், எந்த வீட்டில் சிறுமிகள் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் எந்தச் சூழலிலும் அதில் ஏறக் கூடாது. அடைக்கல இல்லம் எது என்று உங்களுக்குத் தெரிய வந்தாலும், அதை நடத்துபவர்கள் கேட்டுக்கொள்ளாமல் குறிக்காதீர்கள். மற்ற வீடுகளைப்போல் அதுவும் வெறும் கட்டடமாகவே இருக்கட்டும். களத்திலிருந்து வரும் குழந்தைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிர்வதும் இதில் அடங்கும்.

சில மாதங்களுக்குப் பின்

ஐந்நூறு, ஆயிரம் கட்டடங்கள் வரைந்து, திருப்பி அனுப்பப்படும் கட்டங்கள் அரிதான பின்பு ஜோசம் என்னும் கணினி மென்பொருளுக்கு மாறலாம். அதன் கட்டடச் செருகுநிரலில் இரண்டு இழுப்பில் ஒரு வீடு முடியும். கணினியே படத்தைப் படித்துக் கட்டடங்களை ஊகித்துத் தரும் வசதிகளும் இப்போது வந்துவிட்டன. பாறையையும் வீடாக்கும் பழக்கம் அவற்றுக்கு இருப்பதால், ஒவ்வொன்றையும் பார்த்தே ஏற்க வேண்டும்.

கல்லூரியிலோ அலுவலகத்திலோ ஒரு வரைபட முகாம் நடத்த விரும்புபவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: எல்லோரையும் முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கச் சொல்லிவிடுங்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து நாற்பது பேர் ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்கினால் தளம் அதைத் தாக்குதலாக எண்ணி நிறுத்திவிடக்கூடும். முகாமின் முதல் மணி நேரம் அதிலேயே போய்விடும். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அனுபவசாலிகள் உடனிருந்து, வரைந்த கட்டங்களை அன்றே சரிபார்த்தால் முகாமால் பயன் உண்டு.

வரைந்தது களத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க விரும்பினால், சில வாரம் கழித்து ஆர்கானிக் மேப்ஸில் அந்தப் பகுதியின் வரைபடத்தைப் புதிதாக இறக்கிப் பாருங்கள். நீங்கள் இழுத்த செம்மண் சாலையின் ஓரத்தில் அதுவரை இல்லாத ஒரு ஸஹனாத்தியின் பெயர் இருந்தால், அதைச் சேர்த்தவரின் பயனர் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மாற்ற வரலாற்றில் இருக்கும். ‘அசாந்தே’ என்று நன்றி சொல்லி ஒரு வரி எழுதலாம். அந்தச் சாலையில் மழைக்காலத்தில் போக முடியுமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.